லசோத்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்த படலம்

இதனால் தமிழ் கூறும் நல்லுலகுக்கும், குறிப்பாகக் கொல்லிமலைக்கு மேற்கே குடியிருக்கும் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பதினோரு ஆண்டுக் கடுந்தவத்தின் பயனாக, புதுச்சத்திரம் இளஞ்செழியனாகிய நான், தமிழ் மாயக் கதையின் தலையெழுத்தையே மாற்றி எழுதப்போகும் ‘எரிமுகட்டுக் காவியம்’ என்னும் பெரும் புதினத்தை ஏழு பாகங்களில் படைக்கச் சித்தம் கொண்டு, அதன் முதல் பாகத்தை எழுதியும் முடித்துவிட்டேன்.

இந்த அறிவிப்பை முதன்முதலாக என் மனைவி சௌந்திரத்திடம்தான் வாசித்துக் காட்டினேன். அவள் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சரிங்க,” என்றாள். “மூணாவது செட்டுல தண்ணிக் குழா ஒழுகுது. போய்ப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. எரிமுகட்டில் ஏழு அருவிகள் இருக்கின்றன. எது எந்தப் பாறையில் விழுந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்றாவது கொட்டகையின் குழாய் அந்த வரைபடத்தில் இல்லை.

கோழிப்பண்ணை சௌந்திரத்தின் ராஜ்ஜியம். அதில் தீவன மூட்டை போடும் அறையின் பாதி எனக்கு மானியமாக விடப்பட்டிருந்தது. எழுத்தாளனுக்குத் தனிமை வேண்டும் என்பார்கள். எனக்குத் தனிமையோடு மக்காச்சோளத் தூசியும் கிடைத்தது. முதல் நான்கு ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை. மாயக் கதை எழுதுகிறவன் எடுத்த எடுப்பில் கதை எழுதிவிடக் கூடாது. முதலில் உலகத்தைப் படைக்க வேண்டும். ஆகவே வரைபடம் போட்டேன். பஞ்சாங்கம் கணித்தேன். மூன்று நிலாக்களுக்கும் தனித்தனியாக அமாவாசை குறித்தேன். ஆயிரத்து நானூறு சொற்கள் கொண்ட ஒரு மொழியை உண்டாக்கினேன். அதில் சாம்பலுக்கு மட்டும் முப்பத்தாறு சொற்கள், சோற்றுக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு முதல் வாக்கியத்துக்குப் பதினாறு மாதம் ஆயிற்று. “சாம்பல் பெய்தது அன்று எரிமுகட்டில்” என்று தொடங்கி, நூற்றுக்கணக்கான மாற்றங்களுக்குப் பிறகு, “அன்று எரிமுகட்டில் சாம்பல் பெய்தது” என்று முடித்தேன்.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேசைக்கு எதிரே மருந்து அலமாரி இருந்தது. குஞ்சுகளின் கண்ணில் சொட்டாக விடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தான லசோட்டாவிலிருந்து இளவரசி லசோத்தா பிறந்தாள். தீவனத்தில் கலக்கும் மெத்தியோனினிலிருந்து வீர இளவரசன் மெத்தியோன். குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்க்கும் கும்போரோ நோயிலிருந்து இருளின் அதிபதி கும்போரான். தமிழ் இலக்கியத்தில் இப்படி ஒலிநயம் மிக்க பெயர்கள் வந்ததே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பண்ணையில் வேலை பார்க்கும் சின்னாயி ஒரு நாள் அச்சுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளைக்கு எத்தனாவது நாள் சொட்டு உடோணுங்க?” என்று கேட்டாள். வாசகர்களின் தரம் குறைந்துவருவது பற்றி அன்று என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் எழுதினேன்.

கதை இதுதான். நீலச்சிறகுக் குலமும் செஞ்சிறகுக் குலமும் ஒரு காலத்தில் ஒன்று. ஒன்பது தலைமுறைக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு பிரிகிறார்கள். நீலச்சிறகின் வாரிசு மெத்தியோன். செஞ்சிறகின் ஒரே மகள் லசோத்தா. இவளைப் பெண் கேட்டு வந்து அவமானப்பட்டுத் திரும்பிய கும்போரான் உலகத்தையே இருட்டாக்கப் புறப்படுகிறான். முதல் பாகத்தின் கடைசியில் மெத்தியோனும் லசோத்தாவும் மணமுடிக்க, பிரிந்த குலங்கள் சேர, கும்போரானின் வெறி கூட, ஆறு பாகங்களுக்குப் போர்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் யாகப்பன் இதை அச்சிட ஒப்புக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, பங்குத் திருவிழா நோட்டீஸ், மாதா படம் போட்ட காலண்டர் இவைதான் அவருக்குத் தொழில். மேலட்டை ஆயிரம் பிரதி அடித்தே விட்டார். அதன் பின்பக்கத்தில் நான் யோசித்து யோசித்து எழுதிய வரி பொன்னிறத்தில் மின்னியது: ‘ஒன்பது தலைமுறைகளுக்கு முன் பிரிந்த ஒரே ரத்தம், மணவறையில் ஒன்று சேர்கிறது.’

“சனிக்கிழமை திருத்தின பக்கம் என் கைக்கு வந்துடணும் சார்,” என்று யாகப்பன் போனில் சொல்லியிருந்தார். “திங்கக்கிழமை காலண்டர் வேலைக்கு மெஷினைத் திருப்பிட்டா, ஈஸ்டருக்குத்தான் உங்க ராஜா ராணியை நான் பாக்க முடியும்.”

ஈஸ்டர் வரை பொறுக்க என்னால் ஆகாது. ஐம்பத்துநாலு வயது ஆயிற்று. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வரை பார்த்தவர்களிடமெல்லாம் புத்தகம் வருகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். இந்தச் சனிக்கிழமை விட்டால், என்னைப் பார்த்ததும் அவர்கள் முட்டை விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் மைத்துனர் நாச்சிமுத்து வந்தார். சௌந்திரத்தின் அண்ணன். போர்வெல் வண்டி வைத்திருக்கிறார். வண்டி வருடத்தில் பாதி நாள் வடநாட்டில் ஓடும். அந்தப் பாதி நாளும் அவருக்கு இங்கே வரன் பார்ப்பதுதான் வேலை, யாரும் கேட்டுக்கொண்டதில்லை. சேந்தமங்கலத்திலிருந்து திருச்செங்கோடு வரை எந்த வீடு எந்தக் கூட்டம், எந்தக் கோயிலில் பொங்கல் வைக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் பங்காளிகள். எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் அண்ணன் தங்கைதான். அதற்குள் பெண் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் என் மேசையில் விரித்துக் கிடந்த நாவலின் பின்னிணைப்பை, இரண்டு குலங்களின் வழிமுறைப் படத்தை, பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, இது ஆரூட்டு வம்சாவளிங்க?”

“நம்ம நாவல்ல வாரதுங்க மச்சான்.”

நாவல் என்ற சொல் அவர் காதில் ஏறவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, சுட்டுவிரல் நகத்தால் கோடு பிடித்துக்கொண்டே படித்தார். பதினோரு வருடத்தில் என் எழுத்தை இவ்வளவு பக்தியோடு யாரும் படித்ததில்லை. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“இந்தப் பையனுக்கும் இந்தப் புள்ளைக்கும் நடுவால மோதரம் ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கறீங்களே, அது என்னத்துக்குங்க?”

“கண்ணாலம். கடைசி அத்தியாயத்துல.”

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆகாதுங்களே.”

“ஏனுங்க ஆகாது?”

“மேல பாருங்க. ஒம்போது தலமொறைக்கு முன்னால ரெண்டு பேருத்தோட பாட்டனுங்களும் அண்ணந் தம்பி. குலசாமி எதுங்க?”

“எரிமுகட்டுக் குகையில இருக்கற அனல்நாகம்.”

“பையனூட்டுக்கா, புள்ளையூட்டுக்கா?”

“ரெண்டு ஊட்டுக்குந்தான்.”

“அட, பங்காளிங்க மாப்ள. அந்தப் புள்ள இவனுக்குத் தங்கச்சி.”

நான் சிரித்தேன். கலைஞன் பாமரனைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன். “இது கற்பனை உலகமுங்க மச்சான். அங்க வானத்துல மூணு நெலா இருக்குது.”

“நெலா மூணு இருந்துட்டுப் போகுதுங்க. தங்கச்சி தங்கச்சிதானுங்களே.”

அவர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அச்சுப்படியைத் திறந்தேன். கடைசியான பதினேழாம் அத்தியாயம், மூன்று நிலவொளியில் மெத்தியோன் லசோத்தாவின் கரம் பற்றுகிறான். நாவலின் மிக அழகான பக்கம் என்று நானே பலமுறை என்னிடம் சொல்லிக்கொண்ட பக்கம். ஒரு பத்தி படித்தேன். உடம்பு கூசியது. என் கல்யாணத்தில் இரண்டு வீட்டுக் கூட்டத்தையும் நாலு பேர் நாலு தடவை விசாரித்துவிட்டுத்தான் வெற்றிலை மாற்றினார்கள். அந்த மண்ணில் பிறந்து, அந்தச் சோற்றைத் தின்று, பதினோரு வருடமாக என் கையாலேயே கோடு போட்டு, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் மோதிரம் வரைந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, ஒரே ரத்தம் மணவறையில் சேர்கிறது என்று பொன்னெழுத்தில் ஆயிரம் பிரதி.

புதன்கிழமை பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் என்னை நிறுத்தினார். அவரை எனக்குத் தெரியாது.

“நீங்கதானுங்களா கத எழுதறவரு? அண்ணன் தங்கச்சிக்குக் கண்ணாலம் பண்ணி வெக்கறீங்களாமா?”

“அது தவறுதலா...”

“நல்லால்லீங்க,” என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றினார்.

அன்று மதியமே சிகிச்சையைத் தொடங்கினேன். எழுத்து என்பது திருத்துவதுதான் என்று மேடையில் பேசியிருக்கிறேன்; மேடையில் இருந்தது நானும் ஒலிபெருக்கிக்காரரும். முதல் வழி: லசோத்தா தத்துப்பிள்ளை. நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன்.

“தத்து எடுத்தா எடுத்தவிங்க கூட்டமுங்க. அப்பவும் தங்கச்சிதான். அது பத்தாம பொறந்த கூட்டமும் பாக்கோணும். உங்க சிரமம் இன்னொண்ணு கூடுமுங்க மாப்ள.”

இரண்டாவது வழி: செஞ்சிறகுக் குலத்துக்கு வேறு குலசாமியைக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் குகைக்குப் போகிறார்கள். தன் குலத்து ரத்தத்தை மோப்பம் பிடித்துத்தான் அனல்நாகம் கண் திறக்கிறது. எழுபது பக்கம். அதை எடுத்தால் நாகம் கண் திறக்காது. நாகம் கண் திறக்காவிட்டால் அது காக்கும் வாள் கிடைக்காது. வாள் கிடைக்காவிட்டால் மெத்தியோன் வெறுங்கையோடு நிற்பான், என்னைப்போல.

மூன்றாவது வழி கொஞ்சம் நவீனமானது. லசோத்தாவின் தாய், மகாராணி, தன் இளமையில் ஓர் இரகசியம்... இதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சௌந்திரம் தவிட்டு மூட்டை எடுக்க வந்தாள்.

“அந்தம்மா என்ன பாவம் பண்ணுச்சுங்க?” என்றாள்.

“கதைக்குத் தேவைப்படுது.”

“நீங்க கோடு தப்பாப் போட்டதுக்கு அதும்மேல எதுக்குப் பழி போடறீங்க? கேக்க ஆளில்லைன்னுதானே?”

மகாராணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாச்சிமுத்து தானாகவே வந்தார். முகம் வாடியிருந்தது. கையில் அவர் வரன் குறிக்கும் பச்சை நிற நோட்டு.

“அந்தப் புள்ளைய நெனச்சா மனசே கேக்கலீங்க மாப்ள. நல்ல எடத்துப் புள்ள. ஒரே மக. வேற வரனே வரலீங்களா?”

“வந்துச்சு. மூணாம் அத்தியாயத்துல. கும்போரான்னு ஒருத்தன். அவ அப்பன் அவமானப்படுத்தித் தொரத்தி உட்டுட்டாரு.”

நாச்சிமுத்து நோட்டைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “என்ன கூட்டமுங்க?”

“இருள்நகக் குலம்.”

“குலசாமி?”

“வடக்க ஒரு பனிப்பள்ளத்துல இருக்குது. வேற சாமி.”

“அப்பச் செரி. வயசு?”

“முந்நூறு.”

“புள்ளைக்கு?”

“எரநூத்தி எழுபது. அந்த சனங்களுக்கு ஆயுசு ஜாஸ்திங்க.”

“பொருத்தந்தான். பூமி எவ்வளவு கெடக்குது?”

“வடக்கு முச்சூடும் அவனுதுதான்.”

“தண்ணி?”

“எரிமுகட்டு ஏழு அருவியும் வடக்கால எறங்கி அவன் எல்லைக்குள்ளதான் விழுகுது.”

நாச்சிமுத்துவின் பேனா நின்றது. ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்துப் புழுதி பார்த்த மனிதர் அவர். “ஏழுமா?” என்று கேட்டு, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். “கூடப் பொறந்தவிங்க?”

“நாலு அண்ணன் இருந்தாங்க. இவனே முடிச்சுட்டான்.”

“அப்பப் பாகத் தகராறு இல்லீங்க. கெட்ட பழக்கம்?”

“உலகத்தையே இருட்டுல தள்ளோணும்னு நெனைக்கறானுங்க மச்சான்.”

“குடி?”

யோசித்துப் பார்த்தேன். எழுநூறு பக்கத்தில் ஒரு இடத்திலும் அவன் குடிக்கவில்லை. மெத்தியோன்தான் வெற்றி விழாவில் இரண்டு முறை குடித்திருந்தான்.

“இல்லீங்க.”

“அப்பறம் என்னத்துக்குங்க மாப்ள யோசிக்கறீங்க?” என்று நோட்டை மூடினார். “கண்ணாலம் ஆகாத பையன் தனியாக் கெடந்தா இருட்டு கிருட்டுன்னுதான் பேசுவான். காலங்காலமாப் பாக்கறதுதானே.”

அவரை அனுப்பிவிட்டு, சிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. கும்போரானைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். சொன்ன நாளுக்கு வருகிறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான். அரசவையில் அவன் குலத்தைப் பழித்தபோதும் வாள் உருவாமல், “யோசித்துச் சொல்லுங்கள்” என்றுதான் கிளம்புகிறான். மெத்தியோனோ முந்நூறு பக்கம் நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. மெத்தியோனை நான் என்னை மனதில் வைத்துப் படைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்துக்குப் பதினாறு மாதம் எடுத்துக்கொண்டவன், மாலைக்குள் நாற்பது பக்கம் எழுதினேன். சாம்பலுக்கான முப்பத்தாறு சொற்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. எனக்கு எரிமுகட்டைத் தெரியாது. கல்யாண வீட்டைத் தெரியும். கும்போரான் மறுபடி பெண் கேட்டு வந்தான். செஞ்சிறகுக் கிழவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பந்தியில் உப்பு குறைந்தது என்று ஒரு பெரியப்பா கோபித்துக்கொண்டு பந்தல்கால் பக்கம் போய் நின்றார். அவரை மூன்று பேர் சமாதானம் செய்து கூட்டிவந்தார்கள்.

பிறகு கைகோர்வை. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கையையும் பெண்ணின் உடன்பிறந்தானுடைய கையையும் கோத்து வைத்து வாழ்த்துப் பாடுகிற சீர் அது. லசோத்தாவுக்கு உடன்பிறந்தான் இல்லை. பங்காளி முறையில் அண்ணன் மெத்தியோன் இருக்கிறான். ஏழாம் பாகத்தில், இடிந்த கோபுரத்தின் உச்சியில், ஒருவர் நெஞ்சில் ஒருவர் வாளைச் செருக வேண்டிய இரண்டு கைகள். மணவறையில் விரலோடு விரல் கோத்தன. மெத்தியோனுக்கு வியர்த்தது. “மச்சான், சாப்டீங்களா?” என்று இருளின் அதிபதி காதோரமாகக் கேட்டான். நான் அந்த வரியைத் திட்டமிடவில்லை. பேனாதான் எழுதியது.

என் எழுத்தை ஒரு பக்கமும் படித்திராத சௌந்திரம், மேசையில் கிடந்த தாள்களை நின்றபடியே படித்தாள். ஒரு கையில் முட்டை அட்டை. நான் குழாயைச் சரிசெய்யக் கிளம்புகிற பாவனையில் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். கைகோர்வை வந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தவிட்டுத் தூசியாகவும் இருக்கலாம்.

“அந்தப் பையன் நல்லவனாத்தான் தெரியறான்,” என்றாள். “இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமுல்லீங்க? பதினோரு வருசம் அந்தப் புள்ளைய ஊட்டுலயே வெச்சிருந்திருக்கறீங்க.”

சனிக்கிழமை காலை சேலம் பேருந்தில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மல்லூர் தாண்டும்போது, இது நான் எழுதியதிலேயே சிறந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தது. பெருமிதம் அச்சகப் படிக்கட்டு வரை கூட வந்தது.

யாகப்பன் நின்றபடியே கடைசி அத்தியாயம் முழுவதையும் படித்தார். பிழை பார்க்கிற ஆள் மாதிரி இல்லை. பந்தியில் உட்கார்ந்த ஆள் மாதிரி படித்தார்.

“பிரமாதம் சார். கண்ணு கலங்கிடுச்சு. ஆயிரம் பத்திரிகை அடிச்சிருக்கேன், இந்த மாதிரி ஒரு கல்யாணம் பாத்ததில்லை.” பின்னட்டையைத் திருப்பினார். “ஆனா இந்த ஒரே ரத்தம் விவகாரம் இடிக்குதே.”

“அதை மறைக்கணுங்க.”

“பத்திரிகையில மண்டபம் மாறிப்போனா மேல ஒட்டற சீட்டு இருக்கு. ஒட்டிக்கலாம்.” முன்னட்டையைத் திருப்பினார். அங்கே என் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘ஏழு பாகங்களில் முதல் பாகம்’ என்று இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார்.

“ஏன் சார், இந்தப் பையன் கேட்டது பொண்ணுதானே?”

“ஆமாங்க.”

“அதான் குடுத்தாச்சே. மச்சான்கூடக் கையும் கோத்தாச்சு. அப்ப ரெண்டாம் பாகத்துல என்ன நடக்குது?”

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வரைபடத்தை நினைத்தேன். மூன்று நிலாக்களை நினைத்தேன். இடிய வேண்டிய கோபுரங்களையும், சாக வேண்டிய அறுபதாயிரம் பேரையும் நினைத்தேன்.

“அந்தச் சீட்டுல முன்னட்டைக்கும் இன்னொரு ஆயிரம் வேணுமுங்க,” என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் போர் நடக்கவில்லை. மீதி ஆறு பாகங்களும் இல்லை.